விதித்தலும் விலக்கலும்

ஆங்கில மொழியிலே, முகத்தால் உடன்பிறந்தார் போலவும் குணத்தால் எதிரெதிர்த் திசையினர் போலவும் நிற்கும் சொற்கள் சில உள. அவற்றுள் ஒரு சோடியை எடுத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று ‘பிறிஸ்கிறைப்’, மற்றொன்று ‘புறோஸ்கிறைப்’. எழுத்தெண்ணிப் பார்ப்பின் இரண்டும் ஒன்பது ஒன்பது எழுத்துக்களால் ஆயவை. அவ்வொன்பதில் எட்டு எழுத்துக்கள் இரண்டிற்கும் பொது. மூன்றாம் எழுத்து மட்டுமே வேறு. முன்னையதில் அது ஈ, பின்னையதில் ஓ. ஆயினும் முன்னையது ‘இதனைக் கொள்க’ என விதிப்பது. பின்னையது ‘இதனைத் தள்ளுக’ என விலக்குவது. சிறிய எழுத்தில் எழுதுங்கால், ஒரு வட்டம் வாய்மூடி நின்றால் விலக்கு. அதே வட்டம் வாய்திறந்து நடுவே ஒரு கோடு பெற்றால் விதி. அவ்வளவே வேற்றுமை.

மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, பழைய வகுப்பறை நினைவுகளை எழுதுமாறே கேட்டனர். நினைவுகளை எழுதுதற்கு நம்மினும் வல்ல அன்பர் பலர் உளர். நாமோ வாழ்நாளிற் பெரும் பகுதியைக் கரும்பலகையின் முன்னே கழித்தவர். ஆதலின் ஒரு பாடமே எழுதத் துணிந்தோம். இப்பாடத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் பரீட்சையன்று. நம் ஊராகிய சாம்பல்தீவிலே ஒரு குடும்பத்தின் அரை ஏக்கர் காணி, இவ்விரு சொற்களின் மயக்கத்தால் கைநழுவும் நிலைக்கு வந்தது. அதனை முதலிற் கூறிப் பின்னர்ச் சொல்லாராய்ச்சியிற் புகுவோம்.

சாம்பல்தீவு, திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் தெருவில் உள்ள ஊர். பெயரிலே தீவு உண்டு. ஆயினும் தோணியின்றித் தெருவழியே போய்வரலாம். பெயரைக் கண்ட மாத்திரத்தே பொருளைத் துணிதல் ஆகாது என்பதனை இவ்வூர்ப் பிள்ளைகள் பிறந்த அன்றே கற்கின்றனர் என்று நாம் வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு, இடையே தென்னையும் பனையும். நம்மிடம் ஒரு காலத்திற் பயின்ற மாணவர் ஒருவருக்கும் அவர் தமக்கையாருக்கும் அங்கே தாய்வழி முதுசமாக ஒரு காணி உண்டு. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது, இருவரும் ஊரைவிட்டு நீங்கினர். தம்பியார் படகேறித் தமிழ்நாடு சென்று, மண்டபம் முகாம் வழியாக வேறொரு முகாமிற் குடியமர்ந்தார். தமக்கையார் கடலைக் கடக்கவில்லை. பிள்ளைகளுடன் காடும் வயலும் நடந்து வவுனியா சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். 1998இல், வேறோர் ஊரிலிருந்து பெயர்ந்து வந்த ஒருவர் அக்காணியில் ஒரு குடில் அமைத்தார். பின்னர் அது கல்வீடாயிற்று. அவரும் வீடிழந்து வந்தவரே என்பதனை இங்குச் சொல்லாது விடுதல் நீதியன்று.

தம்பியார் 2011இல் ஊர் திரும்பினார். பேச்சும் சமாதானமும் சில ஆண்டு நடந்தன. முடிவில், 2017ஆம் ஆண்டு ஐப்பசியில், குடியிருப்பவரின் சட்டத்தரணியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதிலே, உரித்தாளர் இருவரின் கோரிக்கையும் ‘பிறிஸ்கிறைப்ட்’ ஆகிவிட்டது என்று ஒரு வசனம் இருந்தது. நம் மாணவர் அகராதியை எடுத்தார். அகராதி அச்சொல்லின் பெயர்வடிவத்துக்கு முதற்பொருளாக மருந்துச் சீட்டு என்றது. காணிக் கடிதத்தில் மருந்துக்கு என்ன வேலை என்று அவர் மயங்கினார். அப்போது அவர் மகன், உயர்தர வகுப்பிற் பயில்பவன், அது அச்சுப்பிழை என்றும், ‘புறோஸ்கிறைப்ட்’ என்றே இருக்கவேண்டும் என்றும், அதன் பொருள் தடைசெய்யப்பட்டது என்பதே என்றும் ஐயமறச் சொன்னான். தடையென்றவுடன் குடும்பத்தாருக்கு வேறு அச்சம் பிறந்தது. காணியை அரசாங்கமோ படையினரோ காட்டிலாகாவோ விலக்கப்பட்ட பகுதியாக்கிவிட்டதென எண்ணி, கச்சேரிக்கு மூன்று முறை அலைந்தனர். அங்கே அவ்வாறான கட்டளை எதுவும் இல்லை. தை மாதக் கடைசியில், கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் படலையைத் திறந்தார்.

“மாஸ்டர், இது மருந்தோ தடையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. எதெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ” என்றார்.

மருந்துமன்று, தடையுமன்று. மூன்று மாதம் வீணே கழிந்திருந்தது. அம்மூன்று மாதத்தின் விலை யாதென்பதைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. இனிச் சொற்களைப் பிரித்து நோக்குவோம். இரண்டும் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. இரண்டிற்கும் பின்பகுதி ஒன்றே. அஃது எழுதுதல் என்னும் பொருளது. வேற்றுமை முன்னொட்டிலே உள்ளது. ‘பிறி’ என்னும் முன்னொட்டும் ‘புறோ’ என்னும் முன்னொட்டும் நம் பழைய கைந்நூல்களில் ‘முன்’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்க்கப்பட்டு வந்தன. நாமும் பல ஆண்டு அவ்வாறே கற்பித்தோம். மாணவர் மயங்கினர்; குற்றம் அவர்களதன்று.

தமிழிலே ‘முன்’ என்பது இரு வேறு நிலங்களில் வேலை செய்யும் சொல். ‘விடியுமுன் எழுந்தான்’ என்றால் அது காலமுன். ‘சபைமுன் பேசினான்’ என்றால் அஃது இடமுன். அதாவது பலர் கண்ணுக்கு எதிரே என்பது. வீட்டு முன்றிலும் முன்னோரும் ஒரே வேரில் வந்த சொற்களே. ஆயினும் முன்றிலில் நாம் நிற்கலாம், முன்னோரிடையே நிற்றல் இயலாது. இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டால் ஆங்கிலச் சொற்களின் முடிச்சுத் தானே அவிழும். பிறிஸ்கிறைப் என்பது காலமுன், வரிசைமுன்: ஒரு செயல் நிகழ்தற்கு முன்னதாக எழுதிவைத்தல். புறோஸ்கிறைப் என்பது இடமுன்: ஊரார் கண்முன்னே எழுதி ஒட்டுதல். முன்னதாக எழுதியது ஒழுங்காகிறது. ஊர்முன் எழுதி ஒட்டியது குற்றப் பட்டியலாகிறது.

மற்றைச் சொற்களிலும் இதனைக் காணலாம். நூலின் முன்னுரையைக் குறிக்கும் ‘பிறிபேஸ்’, வருமுன் உரைப்பதைக் குறிக்கும் ‘பிறிடிக்ற்’ ஆகியன காலத்தாலோ வரிசையாலோ முற்பட்டவை. ‘புறொக்கிளெயிம்’ என்பது பலர் கேட்கப் பறையறைதல். ‘புறொஜெக்ற்’ என்பது வெளியே நீளுதல். எல்லாச் சொல்லும் இவ்வாறு கட்டளைக்கு அடங்கும் என்று நாம் சொல்லவில்லை. இலத்தீன் மொழியும் பிள்ளைகளைப் போன்றதே. சில சொல் கேட்கும், சில கேளா.

ஊர்முன் எழுதி ஒட்டுதல் எவ்வாறு விலக்கல் ஆயிற்று? தொடக்கத்தில் அச்சொல் தீதற்றது. உரோமாபுரியிலே ஒருவர் தம் வீட்டையோ தோட்டத்தையோ விற்க விரும்பி அறிவித்தல் எழுதி ஒட்டினாலும் அதே சொல்லையே வழங்கினர். கிறித்துவுக்கு முன் 82ஆம் ஆண்டிலே சுல்லா என்னும் தளபதி உள்நாட்டுப் போரில் வென்று நகரைக் கைப்பற்றினான். தன் பகைவர்களின் பெயர்களை எழுதிப் பொதுமன்றத்தில் ஒட்டுவித்தான். அப்பட்டியலிற் பெயர் கண்டவரை எவரும் கொல்லலாம். கொன்றவனுக்குப் பரிசு உண்டு. மறைத்துக் காத்தவனுக்குத் தண்டனை உண்டு. மாண்டவன் சொத்து பறிமுதலாகி ஏலத்திற் போகும். அவன் பிள்ளைகள் அரச பதவி வகித்தல் ஆகாது. பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. காலையில் மன்றத்துக்கு வந்து, பிறர் பெயரைப் படிக்க எண்ணித் தன் பெயரைக் கண்டவர்களும் இருந்தனர் எனப் பழைய வரலாற்றாசிரியர் எழுதுவர். அன்றுமுதல் அச்சொல்லில் இரத்தக்கறை படிந்தது.

மீண்டும் 43ஆம் ஆண்டில் அந்தோனி, ஒக்தேவியன், இலெப்பிதசு என்னும் மூவர் கூடி அதே வகைப் பட்டியல் இட்டனர். நாவன்மையால் உலகப் புகழ்பெற்ற சிசரோ அதிற் பெயர் கண்டு, அவ்வாண்டு மார்கழியிற் கொல்லப்பட்டார். நம் தலைமுறையினர் சேக்சுபியரின் ‘யூலியசு சீசர்’ நாடகம் பயின்றபோது, நான்காம் அங்கத்திலே இம்மூவரும் அமர்ந்து பெயர்களுக்குப் புள்ளியிடும் காட்சியைப் படித்திருப்பர். அவ்வங்கத்தின் பிற்பகுதியில், மாண்ட மூதவையினர் நூற்றுவர் என ஒரு கடிதமும் எழுபதின்மர் என மற்றொரு கடிதமும் சொல்வதாக வரும். அங்கே நம் சொல்லும் வருகிறது. பரீட்சைக்கு விதிக்கப்பட்ட நூலிலே விலக்கப்பட்டோர் கதை! இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், மந்தமான மாணவனும் ஒரு கிழமைக்கு மறவான்.

இன்று கொலைப்பட்டியல் என்னும் பொருள் தேய்ந்து, அரசாங்கம் ஓர் இயக்கத்தையோ நூலையோ சட்டத்தால் விலக்குதல் என்னும் பொருளே நிற்கின்றது. நம் நாட்டிலே இச்சொல் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் ஏறிய நாட்கள் பல. 1958ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தமிழரசுக் கட்சியும் சாதிக விமுக்தி பெரமுனவும் ஒருங்கே விலக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விடுதலைப் புலிகளையும் அவைபோன்ற அமைப்புக்களையும் விலக்க எழுந்தது; அதன் பெயரிலேயே இச்சொல் தலைமையாக நின்றது. மக்கள் விடுதலை முன்னணி 1983இல் விலக்கப்பட்டது. புலிகள் மீதான விலக்கு 1998இல் மீண்டும் வந்து, 2002இல் நீங்கி, 2009இல் திரும்பவும் இடப்பட்டது. இச்செய்திகளை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த மாணவன் ஒருவன், ‘அரசாங்கம் அக்கட்சியைப் பிறிஸ்கிறைப் செய்தது’ என எழுதினான். நாட்டில் உள்ளோர் அனைவரும் அக்கட்சியிலே சேர்தல் வேண்டும் என அரசாங்கம் விதித்தது என்பதே அவ்வசனத்தின் பொருள். நாம் சிவப்பு மையால் ஓர் ஓகாரம் இட்டு, அரசாங்கத்தைக் காப்பாற்றினோம்.

ஒரே எழுத்தாளர் விலக்கப்பட்டும் பின் விதிக்கப்பட்டும் நிற்றல் உலகில் அரிதன்று. நமக்கு அண்மையான சான்று பாரதியாரே. அவருடைய ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் நூல்கள் 1911இல் சென்னை அரசாங்கத்தால் விலக்கப்பட்டன. அவர் மறைந்து ஏழாண்டு சென்றபின், 1928இல், பர்மா அரசாங்கம் அவருடைய தேசியப் பாடல்களைத் தடைசெய்ய, சென்னை அரசாங்கமும் அதனைப் பின்பற்றிப் படிகளைக் கைப்பற்றியது. சத்தியமூர்த்தி அவர்கள் சென்னைச் சட்டசபையில் இதனை எதிர்த்து வாதாடினார். அப்பாடல்களே பின்னர்த் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பள்ளிச் சிறுவர் மனனஞ் செய்யும் பாடங்களாக விதிக்கப்பட்டன. ஓகாரம் ஈகாரம் ஆதற்கு ஓர் ஆட்சி மாற வேண்டியிருந்தது.

இங்கு நம் கல்லூரியின் பெருமையையும் ஒரு வரியிற் சொல்லிச் செல்லுதல் தகும். திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண சங்கத்தார் பொறுப்பேற்றபின் அதன் அதிபராய் இருந்த விபுலானந்த அடிகளார், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றபோது, பாரதியைப் புலவர் உலகம் ஏற்கத் தயங்கிய அந்நாளிலே, அவர் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். அரசாங்கத்தின் விலக்கு ஒன்று. அறிஞரின் விலக்கு மற்றொன்று. இரண்டாவது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படாதது. ஆதலின் அதனை நீக்குதல் சில வேளை அரிதினும் அரிது.

இனி, பிறிஸ்கிறைப் என்னும் சொல்லுக்கு வருவோம். இதுவே நமக்கு இங்குப் பெரிதும் வேண்டப்படுவது. இதன் வழக்கு மூன்று இடங்களில் நிகழும்: வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம்.

வைத்தியசாலைப் பொருள் யாவரும் அறிந்தது. நோயாளி மருந்தை உண்ணுமுன் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டு அது. அதன் தலைப்பில் அவர் இடும் குறியும் ‘எடுத்துக்கொள்க’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் சுருக்கமே. இரு சொற்களையும் ஒரே வசனத்தில் நிறுத்திக் கற்பிக்க நமக்கு உதவியது நம் நாட்டு வைத்தியமே. பரியாரியார் சூரணத்தை விதிக்கின்றார்; பத்தியமாகப் புளியையும் கத்தரிக்காயையும் விலக்குகின்றார். சூரணம் பிறிஸ்கிறைப், புளி புறோஸ்கிறைப். மேல்நாட்டு வைத்தியர் பலர் முதற்சொல்லோடு நிற்பர். நம் பரியாரியாருக்கு இரண்டாஞ் சொல்லே நாவில் முந்தும். ‘வைத்தியர் மருந்தைப் புறோஸ்கிறைப் செய்தார்’ என்று எழுதுவோர் நோயாளியை மருந்தின்றி வாடவிடுகின்றனர். மருந்து இன்னார்க்கு என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘போர்’ என்னும் இடைச்சொல் வரும். விலக்கலுக்கு அது பெரும்பாலும் வேண்டுவதில்லை.

கச்சேரிப் பொருளும் எளிதே. ‘விதிக்கப்பட்ட படிவம்’, ‘விதிக்கப்பட்ட கட்டணம்’ என்பன போன்றவை அவை. நம் நாட்டுச் சட்டங்கள் பலவற்றின் கடைசியில் வரும் பொருள்கோடற் பிரிவில், விதிக்கப்பட்ட என்பது ஒழுங்குவிதிகளால் விதிக்கப்பட்ட என்று பொருள்படும் என ஒரு வரி இருக்கும். அதனைப் படித்துத் தெளிவடைந்தவரை நாம் இதுவரை கண்டதில்லை.

நீதிமன்றப் பொருளே ஆழமானது. அங்கேதான் நம் மாணவர் இடறினார். உரோமரின் வழக்குமுறையிலே, நடுவர் விசாரிக்க வேண்டியது யாதெனச் சுருக்கி எழுதிய ஓர் ஏடு உண்டு. சில வழக்குகளில் அவ்வேட்டின் தலைப்பிலே, மற்றெல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒரு தடைவாசகம் எழுதப்படும். வாதியின் நியாயத்தை ஆராயுமுன், இத்தடை பொருந்துமா என்பதனையே நடுவர் முதலில் நோக்க வேண்டும். ‘இக்காணியை நான் நெடுங்காலம் ஆண்டுவிட்டேன், ஆதலின் இவன் இப்போது கேட்டல் ஆகாது’ என்பதும் அத்தகைய வாசகங்களுள் ஒன்றாயிற்று. முன்னதாக எழுதப்பட்டமையால் அதற்கு முன்னெழுத்து எனப் பொருள்படும் பெயர் வந்தது. பின்னர் ஏடு மறைந்தது. முன்னே எழுதும் வழக்கமும் மறைந்தது. பெயர் மட்டும் நின்றது. காலம் கடந்ததனால் உரிமை இழத்தலுக்கும், காலம் ஆண்டதனால் உரிமை பெறுதலுக்கும் அதுவே பெயராயிற்று. தமிழிலே இதன் பின்னைய பகுதியை நாம் ஆட்சியுரிமை என்கிறோம். உறுதி எழுதும் நொத்தாரிசுமார் ‘ஆண்டு அனுபவித்து வரும்’ என எழுதுவதும் இவ்வழக்கின் நிழலே.

ஆகவே, வைத்தியர் வாயில் ‘பிறிஸ்கிறைப்ட்’ என்றால் உனக்கு உரியது, எடுத்துக்கொள் என்பது. சட்டத்தரணி வாயில் ஒரு கோரிக்கை ‘பிறிஸ்கிறைப்ட்’ என்றால் காலங்கடந்தது, இனிக் கேளாதே என்பது. ஓர் எழுத்தும் மாறாமலே ஒரு சொல் தனக்குத்தானே எதிர்ச்சொல்லாய் நிற்கிறது. நம் மாணவரின் மகன் அச்சுப்பிழை என்று எண்ணியதில் வியப்பில்லை. வசனத்தின் கருத்து ஏதோ ஒரு தடை என்பதை அவன் சரியாகவே மோந்தறிந்தான். ஆனால் அரசாங்கம் இட்ட தடையாகக் கொண்டான். அது காலம் இட்ட தடை. அரசாங்கத்தின் தடைக்குக் கச்சேரிக்குப் போகலாம். காலத்தின் தடைக்கு நீதிமன்றத்துக்கே போக வேண்டும், அதுவும் விரைந்து.

இவ்வழக்கு இந்தியாவிலே இத்துணை மயக்கந் தருவதில்லை. அங்கே உரிமைக்குரிய காலவெல்லையைக் கூறும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் ‘எல்லை’ என்னும் பொருளுடைய வேறு சொல்லையே தன் பெயராகக் கொண்டது. நிலத்துக்கு 12 ஆண்டு. நம் நாட்டிலோ ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டத்தின் வாசனையால் பழஞ்சொல்லே நிலைத்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதுவே. உரித்தாளரின் உரிமையை ஏலாது, எவருடைய இடையூறுமின்றித் தொடர்ந்து 10 ஆண்டு காணியை ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமைத் தீர்ப்புக் கோரலாம். அரசாங்கக் காணிக்கு அச்சட்டம் செல்லாது. எத்தனை ஆண்டு ஆண்டாலும் அவ்வழியால் உரிமை வராது.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவை நம் மாணவருக்காக நாம் படித்தபோது, ஒரு சொற்றொடர் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. உரிமை கோரும் காலம் பிறந்த வேளையில் உரித்தாளர் சில குறைபாடுகளுக்கு உட்பட்டிருந்தால், அக்குறைபாடு நீங்குமளவும் 10 ஆண்டுக் கணக்குத் தொடங்காது. 30 ஆண்டு கடந்தால் மட்டும் அச்சலுகையும் இல்லை. குறைபாடுகள் எவை? இளமைப் பருவம், சித்த சுவாதீனமின்மை முதலியன; இவற்றோடு ‘கடலுக்கு அப்பால் இருத்தல்’ என்பதும் ஒன்று. 1871இல் அதனை எழுதியவர்கள் யாரை மனத்திற் கொண்டனரோ! இலண்டனுக்கு விடுமுறையிற் சென்ற தோட்டத்துரையைக் கருதினாலும் கருதியிருக்கலாம். நூறாண்டு கழிந்தபின் அச்சொற்றொடர் மண்டபம் முகாமில் இருந்த நம் மாணவருக்கு நிழலாயிற்று. அவர் 1990 முதல் 2011 வரை கடலுக்கு அப்பாலேயே இருந்தார்.

தமக்கையாருக்கு அந்நிழல் இல்லை. அவர் வவுனியாவில் இருந்தார். வவுனியா கடலுக்கு அப்பாலன்று. தம்பி ஒரு கடலைக் கடந்தார். தமக்கை கடந்தது காடுகளையும் காவலரண்களையும். அவற்றைக் கடத்தல் கடலைக் கடத்தலினும் எளிதாயிருந்தது என்று அக்காலத்தை அறிந்தோர் சொல்லார். ஆயினும் சட்டத்தின் சொல் கடல் என்றே இருந்தது. உரோமர் இவ்விடத்தில் நம்மினும் சற்று நுணுக்கமாக நடந்தனர். இருவரும் ஒரே மாகாணத்தில் வாழ்ந்தால் 10 ஆண்டு என்றும், வெவ்வேறு மாகாணமாயின் 20 ஆண்டு என்றும் அவர்கள் வகுத்திருந்தனர். வடமாகாணத்து வவுனியாவுக்கும் கிழக்கு மாகாணத்துச் சாம்பல்தீவுக்கும் அவ்விதி அமைந்திருக்குமாயின், தமக்கையாருக்கும் ஒரு சிறு நிழல் கிடைத்திருக்கும்.

இக்குறையை நோக்கியே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. 1983ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றஞ் சென்று தம் காணியை மீட்க இயலாதிருந்தோருக்கு எதிராக, அக்காலத்து ஆட்சியைக் கணக்கிட்டு உரிமை கோரலாகாது என்பது அதன் சாரம். ஆயின் அவ்வாறு காணியை மீட்க விரும்புவோர், சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும். சட்டம் சான்றுபெற்றது 2016 ஏப்பிரிலில். இரண்டாண்டு 2018 ஏப்பிரிலில் முடியும். நம் மாணவர் கடிதத்தோடு படலையைத் திறந்தது 2018 தை மாதக் கடைசி. மூன்று மாதத்தின் விலை இப்போது விளங்கும்.

நாம் சட்டங் கற்றவரல்லேம். சொல்லின் பொருளைச் சொல்லுதலே நம்மால் இயன்றது. கடிதத்தின் பின்புறத்தில் இரண்டு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலதன் அருகே ‘காலத்தால் முன்’ என்றும், கீழதன் அருகே ‘கண்ணுக்கு முன்’ என்றும் குறித்தோம். “தம்பி, இது தடையில்லை, தவணை. அக்காவையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே பட்டினத்துக்குப் போ” என்றோம். அவர் உடனே வவுனியாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தமக்கையார் மறுநாட் காலைப் பேருந்தில் வந்து சேர்ந்தார்; கையிலே ஒரு பழைய பால்மாத் தகரம்; அதனுள்ளே தாயார் பெயரில் முடித்த உறுதி, மடிப்புக்களில் ஈரங் காணாது கிடந்தது. முகாமில் மழை ஒழுகிய இரவுகளில் தகரத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம். இருவரும் பங்குனி மாதத்தில் திருகோணமலையில் வழக்கிட்டனர்.

இவ்விரு சொற்களையும் காதால் வேறுபடுத்துதல் அரிதென்பதை ஆசிரியன்பர்களுக்கு இங்கே ஒரு குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் இச்சொற்களில் அழுத்தத்தைப் பின்பகுதியிலே வைப்பர். அதனால் முன்பகுதியின் உயிர் தேய்ந்து, விரைந்து பேசுங்கால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். நம் நாவிலோ இரண்டும் ‘பிறஸ்கிறைப்’ ஆகிவிடுகின்றன. ஆகவே சொல்வதெழுதலில் இச்சோடியைக் கொடுப்பின், தனிச்சொல்லாகக் கொடாது வசனத்தில் வைத்தே கொடுத்தல் வேண்டும். பெயர்வடிவங்களுக்கும் இதுவே முறை. நாம் வகுப்பில் இறுதியாகக் கொடுத்த பயிற்சி வசனம் பரியாரியாரையும் புளியையும் பற்றியதே. பிள்ளைகள் சிரித்தார்கள், பிழை குறைந்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. எதிர்த்தரப்பாரும் தம் பக்கத்துக்கு 1998 முதலான வரிச்சீட்டுக்களும் சாட்சிகளும் கொண்டுள்ளார். தவணை நாட்களில், சாம்பல்தீவுச் சந்தியிலே காலை ஏழு மணிப் பேருந்துக்கு இருதரப்பாரும் ஒருங்கே காத்து நிற்பர்; வேறு பேருந்து அந்நேரத்தில் இல்லை. சென்ற தவணையன்று இருக்கை ஒன்று மட்டுமே வெறுமையாய் இருந்ததாம். காணியில் இருப்பவர் எழுந்து, “அக்கா, நீங்கள் இருங்கோ” என்று அதனைத் தமக்கையாருக்குக் கொடுத்துவிட்டு, நீதிமன்ற வாசல் வரை நின்றுகொண்டே வந்தாராம்.